பதினெட்டுச் சிலைகளும் காயாத ரெட் ஆக்சைடும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இரும்பாகப் பிறந்த எந்தப் பொருளும் செங்கல் நிறத்தில்தான் வாழ வேண்டும் என்பதை அரசியல் சட்டத்தின் முதல் விதியாகக் கருதி நடந்துகொள்ளும் மனிதர் ஒருவர் உண்டு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ரேஷன் அட்டையில் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். சாலையோரத்து வெல்டிங் பட்டறைக்கு அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும், "ரெட் ஆக்சைடு அண்ணாச்சி இருக்காவளா?" என்றுதான் கேட்பார்கள்.

கதவோ ஜன்னல் கம்பியோ செய்து முடித்ததும், துருப் பிடிக்காமலிருக்க முதலில் பூசுகிற செங்காவிப் பூச்சுக்குப் பெயர்தான் ரெட் ஆக்சைடு. மற்றப் பட்டறைகளில் அது வெறும் தொடக்கம். அதன்மேல் பச்சை, வெள்ளி, சாக்லெட் என்று வாடிக்கையாளர் விரும்பிய வண்ணம் ஏறும். அண்ணாச்சியின் பட்டறையில் அதுவே முதலும் முடிவும். அவருடைய டிவிஎஸ் வண்டி, தூக்குச்சட்டி, மூக்குக் கண்ணாடியின் சட்டம், சுவர்க் கடிகாரம் எல்லாம் அந்த நிறம். கடிகாரத்தின் முட்களும் அதே நிறத்தில் இருந்தமையால் அதில் மணி பார்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும். சென்ற தேர்தலில் வாக்களிக்கப் போனபோது, மை வைக்க வந்த பணியாளர் அவருடைய பத்து விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தோல் எங்க இருக்கு?" என்று கேட்டதாக வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் ஒருவர் தம் வீட்டு வாசல் கதவை வெள்ளி நிறத்தில் செய்து தரச் சொன்னார். இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தபடியால் முன்னெச்சரிக்கையாகப் பெயிண்ட் டப்பாவையும் அவரே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் கதவு செங்காவியில் ஜொலிக்கிறது.

"நான் குடுத்த டப்பா எங்கய்யா?"

அண்ணாச்சி எழுந்து நின்று, தாம் அதுவரை உட்கார்ந்திருந்த டப்பாவைக் காட்டினார். "நல்ல டப்பா மொதலாளி. உக்காந்து வெல்டு வைக்க உயரம் சரியா இருக்கு."

தேவாலயத்துக் கோபுரத்தில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட ஓர் இரும்பு நட்சத்திரம் செய்யச் சொன்னார்கள். அதுவும் செங்காவியாக வந்து இறங்கியது. "நட்சத்திரம்னா மின்ன வேண்டாமா?" என்று ஃபாதர் கேட்டார். "உள்ள பல்ப் போடுங்க ஃபாதர், தன்னால மின்னும். மின்னுறது உங்க கரண்டு, துருப் பிடிக்காம இருக்கிறது என் பொறுப்பு" என்றார் அண்ணாச்சி. ஃபாதர் இறையியல் படித்தவர். ஆயினும் பல்ப் வாங்கி வர ஆளனுப்பினார். அந்த ஆண்டு எங்கள் பகுதியில் கிறிஸ்து பிறப்பைச் செங்காவி நட்சத்திரமே அறிவித்தது.

சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்று ஊர் திரும்பியிருந்த நான், எந்தச் செயலுக்கும் காரணம் ஒன்று இருக்கும் என்று நம்புகிறவன். ஆகவே ஒருநாள் நேரடியாகவே கேட்டேன்.

"பெயிண்டு ஒரு போர்வைலே, டிகிரி" என்றார். பட்டம் வாங்கிய நாள்முதல் எனக்கு அவர் வைத்த பெயர் டிகிரி. "போர்வைக்குள்ள படுத்திருக்கது மனுசனா தலகாணியான்னு எவனுக்குத் தெரியும்? பொத்தலா வெல்டு வச்சு, பள்ளத்தப் பட்டி வச்சு அடைச்சு, பளபளன்னு பெயிண்டும் அடிச்சுட்டா நீ ஏமாந்துருவ. மாடிக் கைப்பிடில சாஞ்சு நிக்கவன் ஏமாந்தா என்ன ஆவான்? ரெட் ஆக்சைடுல அது நடக்காது. வெல்டு விட்டா அன்னைக்கே கோடு காட்டிக் குடுத்துரும்."

அந்த விளக்கம் என்னை ஆழமாகப் பாதித்தது. அதனால்தான் பிற்பாடு நான் செய்த பிழையைச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவின் முடிவில் ஊருணிக்கரையை ஒட்டி ஒரு திடல் இருக்கிறது. சில ஆண்டுகளாக அது குப்பை கொட்டும் இடமாக மாறி, எந்நேரமும் புகைந்துகொண்டிருந்தது. திடலுக்கு நேர் எதிரே முதல் வீடு எஸ்தர் அக்காவுடையது. மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் கூடம் ஒன்றில் அவர் வேலை பார்க்கிறார். கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் மிலிட்டரி. பனிமலை உச்சியில் பதினான்கு மாதம் காவல் நின்று நன்றாக மூச்சுவிட்ட மனிதர், சொந்த வீட்டு முன்னறையில் வீசிங் மருந்தை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னல்களை இறுகச் சாத்தி உட்கார்ந்திருந்தார். "டாக்டர் இந்தப் புகைய விட்டு வெளிய போங்கங்காவ. கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போயிரலாம்னு பாக்கோம் தம்பி. நாப்பது வருசம் அலைஞ்சு கட்டுன வீட்டைப் பூட்டிட்டுப் போகச் சொன்னா அவிய மனசு தாங்குமா?" என்று எஸ்தர் அக்கா கேட்டார்.

தெருவார் சேர்ந்து திடலைச் சுத்தம் செய்தோம். ஆனால் சுத்தமான திடல் என்பது அடுத்த குப்பை லாரிக்கு விடுக்கும் அழைப்புதான். அந்த இடத்தின் விதியை எழுதும் பேனாவை வைத்திருந்த அதிகாரியிடம் மனுவோடு போனோம். அவர் கெட்டவரல்லர், நம்பிக்கை இழந்தவர். "சும்மா கிடந்தா மறுபடியும் கொட்டத்தான் செய்வாங்க. ஜனங்க வந்து போற இடம்னு நீங்க காட்டுங்க, பூங்காவுக்குனு ஒதுக்கித் தர்றேன். ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க, அது தொடங்குன நாள்ல இருந்து ஒரு வாரம் டைம். ஏழாவது நாள் நானே வந்து பார்ப்பேன். ஆள் இல்லைன்னா லாரியை என்னால தடுக்க முடியாது" என்றார்.

அப்படித்தான் சிற்பக் கண்காட்சி என்ற யோசனை பிறந்தது. நூற்பாலைகள் கழித்துப்போட்ட பல்சக்கரங்களும் நூல் சுற்றும் கதிர்களும் சுருள்கம்பிகளும் பழைய இரும்புக் கடைகளில் மலையாகக் கிடந்தன. சாலையோரத்துப் பட்டறைக்காரர்களும் கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து அவற்றைக்கொண்டு பதினெட்டுச் சிற்பங்கள் செய்தார்கள். ராஜபாளையம் நாய், பஞ்சு மூட்டை சுமக்கும் பெண், துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், மாங்காய்க் கொத்து, எல்லாவற்றுக்கும் மேலாக நான்கு ஆள் உயரத்துக்கு வால் தூக்கி நிற்கும் ஒரு மலை அணில். பல கைகள் செய்த பொருள்கள் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம் பூச வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன்.

எந்த வண்ணம் என்பதில்தான் சிக்கல். நம் நாட்டில் வண்ணம் என்பது எளிய விஷயமன்று. கூட்டத்தில் யார் எந்த நிறத்தைச் சொன்னாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு கொடி இருந்தது. கொடி இல்லாத நிறத்துக்குக் கரைவேட்டி இருந்தது. ஒவ்வொன்றின் விளைவுகளையும் ஆராய்ந்து நான்கு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன். இறுதியில், எவரும் உரிமை கொண்டாடாத, தண்ணீரை நினைவூட்டும் ஓர் இளநீலத்தைத் தேர்ந்தெடுத்தோம். ரெட் ஆக்சைடு அண்ணாச்சி ஆறு சிற்பங்களைச் செய்தவர். அவர் எதிர்ப்பார் என்று அஞ்சினேன். "அடிச்சுக்கோங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்றார்.

மாணவர்கள் இரண்டு நாள் பாடுபட்டு எல்லாவற்றையும் நீலமாக்கினார்கள். எஸ்தர் அக்கா வந்து நாயின் முன்னால் நெடுநேரம் நின்றார். "ஏன் தம்பி, இதுக்கும் வீசிங்கா? மூச்சு முட்டி நீலம் பாரிச்ச மாதிரில்லா நிக்கி!"

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் நான் கிருஷ்ணன்கோவிலுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. மாணவர்களை அழைத்து வரும் பேருந்துக்கு அனுமதி வாங்க வேண்டும். அன்று அங்கேயே தங்கல். போகும் வழியில் பட்டறையில் வண்டியை நிறுத்தி, பொறுப்புள்ள எவரும் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, சின்னச் சின்ன டச்-அப் ஏதாவது இருந்தா பாத்துக்கோங்க."

மறுநாள் காலை வந்து இறங்கியபோது திடலில் நீலம் என்று ஒன்று வானத்தில் மட்டுமே இருந்தது. நாய், சிப்பாய், அணில், மாங்காய் எல்லாம் செங்கல் நிறம். நடுவில் அண்ணாச்சி பிரஷ்ஷோடு நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"டச்-அப்பு."

"இதுவா டச்-அப்?"

"ஏலே, செத்த நேரம் பொறுமையாக் கேளு. அணிலு வாலு இருக்குல்லா, அதுல நாலு சின்னப் பயலுவ தொங்குவானுவளேன்னு ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தேன். உள்ள முறிஞ்சு கிடக்கு. மேல பட்டி, அதுக்கு மேல உன் நீலம். விழுந்தா மண்டைக்குத்தான். சொரண்டி எடுத்துட்டு வெல்டு வச்சேன். வெல்டு வச்ச எடத்துக்கு ரெட் ஆக்சைடு அடிச்சேன். அது மட்டும் செவப்பா இருந்தா புண்ணு மாதிரில்லா இருக்கு? அதான் முழு அணிலுக்கும் அடிச்சேன். பொறவு எல்லாத்தையும் ஆட்டிப் பாத்தா, பதினொண்ணுல வெல்டு சரியில்ல."

"மிச்சம் ஏழு நல்லாத்தானே இருந்துச்சு?"

அண்ணாச்சி என்னை வருத்தத்தோடு பார்த்தார். "நீ இம்புட்டுப் படிச்சிருக்க. பதினொண்ணு ஒரு கலரு, ஏழு ஒரு கலருன்னு நின்னா, அந்த ஏழையும் ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கும்லா? பாவம்லா?"

அது சமூக நீதியின் அடிப்படையில் வைக்கப்பட்ட வாதம். தளர்ந்துபோய்ச் சிப்பாயின் தோளில் சாய்ந்தேன். நிமிர்ந்தபோது என் புதுச் சட்டையின் முதுகு சிப்பாயிடம் போய்விட்டிருந்தது; அதாவது, சிப்பாய் என் முதுகுக்கு வந்திருந்தார்.

"காயலையா?"

"பெயிண்டுல கலக்குற தின்னர் தீந்துபோச்சு. ஜெனரேட்டர்ல இருந்து டீசல எடுத்து ஊத்துனேன். காயும். என்ன, ஒரு பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

கண்காட்சி ஏழு நாள். நான் விளைவுகளைக் கணக்கிட்டேன். ரத்து செய்தால் லாரி வரும், மிலிட்டரி வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போவார். நடத்தினால் ஊர் முழுவதும் எங்களை அடிக்க வரும். லாரி வருவதைவிட அடி வாங்குவது மேல் என்று நடத்தத் தீர்மானித்தேன். 'சிற்பங்களைத் தொடாதீர்கள்' என்று மாணவர்கள் எழுதிவைத்த பலகையைத் தேடினேன். அது கிடைத்தது, செங்காவியாக இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை. "தகரமும் இரும்புதானலே" என்றார் அண்ணாச்சி.

பேருந்தில் வந்த மாணவர்களை விட்டால், முதல் நாள் வந்தவர்கள் தெருக்காரர்கள் மட்டுமே. எல்லோரும் தொட்டார்கள். தொட்ட கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தத்தம் உடையிலேயே துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று தொடங்கியது. மில்லிலும் பேருந்திலும் மார்க்கெட்டிலும் அவர்களைப் பார்த்தவர்கள், "இதென்ன கறை?" என்று கேட்டார்கள். "ஊருணிக்கரைல சிலை வச்சிருக்காவ, போய்ப் பாரு, அணிலு எம்புட்டு ஒசரம்ங்க!" என்று அவர்கள் விளக்க வேண்டியதாயிற்று. எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலையை ஒரு முழங்கைக் கறை செய்தது.

இரண்டாம் நாள் சண்டைக்கு ஆட்கள் வந்தார்கள். கோபத்தோடு வந்த ஒருவர் என்னைத் திட்டத் தொடங்கி, திட்டும் வசதிக்காகப் பஞ்சு மூட்டைப் பெண்மீது சாய்ந்துகொண்டார். அவரை விலக்கிவிட வந்த இருவர் மாங்காய்க் கொத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் அம்மூவரும் தங்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டு வந்து, "இதுதான் நான் சாஞ்ச எடம்" என்று காட்டினார்கள். வண்ணத்தைப் பற்றியும் எவரும் குறை சொல்லவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயி சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல கலரு தம்பி. இந்தக் கலர்ல எவன் கொடியும் கிடையாது" என்றார். என் நான்கு பக்கக் குறிப்பு முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிப்போயிற்று.

அண்ணாச்சி மட்டும் திடலுக்கு வரவில்லை. பட்டறையில் உட்கார்ந்து புகார்களை விசாரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியில் பட்ட கறைக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டாராம். "கழட்டிக் குடுங்க, முழுசும் அடிச்சுத் தாரேன். கறைன்னே தெரியாது" என்று பதில் கிடைத்ததாம்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் மம்சாபுரத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டவுன் பஸ் நடத்துநர் ஒருவர், மாலை வண்டியில் கறையோடு ஏறுகிறவர்களிடம் எங்கிருந்து ஏறினீர்கள் என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். கரையோரத்தில் சுண்டல் கடை வந்தது, பலூன் வந்தது. ஆறாம் நாள் மாலை, கறை படாமல் வீடு திரும்பியவர்களை, "போகலையா, அங்க?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்கள்.

ஏழாம் நாள், அதிகாரி வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. திடலில் இருந்த கூட்டம் ஐந்தே நிமிடத்தில் கலைந்தது. மழை விட்டபோது அங்கே பதினெட்டுச் சிற்பங்களும், நானும், எஸ்தர் அக்காவும், நனைந்த ஒரு நாயும் மட்டுமே நின்றோம். நாய் உயிருள்ளது. ஜீப் வந்து நின்றது.

அதிகாரி குடையோடு இறங்கி, நான்கு பக்கமும் பார்த்தார். "யாரையும் காணோமே."

"இப்பதான் சார் மழைக்கு..." என்று தொடங்கினேன். பார்வையாளர் பதிவேட்டை நீட்டினேன். நனைந்து கூழாகியிருந்தது. அதன் அட்டை என் கையோடும் மற்றவை தரையோடும் போயின.

"தம்பி, நீங்க உழைச்சிருக்கீங்க. நான் இல்லைங்கல. ஆனா நான் கண்ணால பாத்தாத்தான் எழுத முடியும்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுவே என்னை மேலும் கலங்கச் செய்தது. சாத்தியிருந்த ஜன்னலுக்குப் பின்னால் மிலிட்டரி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

எஸ்தர் அக்கா முன்னால் வந்தார். "சார், கண்ணால பாக்கணும்னா உங்க டிரைவர செத்தத் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

ஓட்டுநர் தயங்கினார். அதிகாரி முறைத்தபின் திரும்பினார். காக்கிக் கால்சட்டையின் பின்புறம் செங்காவியில் அணிலின் ஒரு கால் முழுசாகப் பதிந்திருந்தது. "செவ்வாக்கிழமை சார்... பிள்ளைங்களோட" என்றார் அவர்.

கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்த எழுத்தர் தம் வலது முழங்கையை மெல்லக் கோப்புக்குப் பின்னால் கொண்டுபோனார். அவரையும் அதிகாரி பார்த்துவிட்டார். அதே நேரத்தில் நிறுத்தத்தில் டவுன் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரத்துச் சட்டைகள், சேலைத் தலைப்புகள், நடத்துநரின் தோள்பை, படிக்கட்டில் நின்றவரின் துண்டு, எல்லாவற்றிலும் அதே நிறம். எதிரே டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்ற இருபது பேரும் அதே நிறம். அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டது.

"இருங்க" என்றார் மெதுவாக. "எங்க வீட்லயும் ஒரு சேலை இந்தக் கறையோட ரெண்டு நாளா ஊறிக்கிட்டிருக்கு. என்னனு கேட்டா, பதில் சொல்ல மாட்டேங்குறாங்க."

"வெளிர் பச்சைச் சேலையா சார்?" என்றார் எஸ்தர் அக்கா. "மூணு தடவ வந்தாவ. அணிலுகிட்ட நின்னு போட்டோ எடுத்துத் தரச் சொன்னாவ. நாந்தான் எடுத்தேன். நல்லா விழுந்துருக்கு."

அதிகாரி குடையை மடக்கினார். முதலில் அவருடைய தோள்கள் குலுங்கின. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு தாளாமல் இரும்பு நாயின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டார். அந்தக் கையோடுதான் எழுத்தரிடமிருந்து கோப்பை வாங்கினார். அந்தக் கையோடுதான் எழுதினார். அந்தத் திடல் பூங்காவுக்கென ஒதுக்கப்படுகிறது என்ற குறிப்பின் ஓரத்தில் இன்றும் ஒரு செங்காவிக் கட்டைவிரல் இருக்கிறது.

ஜீப் போனபின் நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழு நாளாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த ஒரு லாரி அப்போதுதான் இறங்கிப் போனது. எஸ்தர் அக்கா அழவில்லை. "கோயம்புத்தூர்க்கு போன் போட்டு, நாங்க வரலைன்னு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

நான் பட்டறைக்கு ஓடினேன். அண்ணாச்சி ஒரு ஜன்னல் சட்டத்துக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். செய்தியை மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் எழுந்து ஆடுவார் என்றோ, குறைந்தது சிரிப்பார் என்றோ எதிர்பார்த்தேன். முகக் கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மிலிட்டரி ஜன்னலத் தொறந்துட்டாரா?"

"தொறந்துட்டாரு அண்ணாச்சி. ரெண்டையும்."

"அப்பச் சரி" என்று கவசத்தை இறக்கிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். தீப்பொறி பறந்தது. கவசத்துக்கு அடியிலிருந்து, சுருதியே இல்லாத ஒரு சீட்டி நெடுநேரம் வந்துகொண்டிருந்தது.

நான் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை ராஜபாளையம் வருகிறேன். எங்கள் தெருவுக்கு இறங்க வேண்டிய நிறுத்தம் அண்ணாச்சியின் பட்டறைக்கு அடுத்தது. ஒருமுறைகூட அதுவரை போனதில்லை; பட்டறை வாசலிலேயே இறங்கிவிடுகிறேன்.